ஒரு சர்க்யூட்டுக்கு விமர்சனம்: மைனஸ் 48-லிருந்து பிளஸ் 12

போன மாதம் கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்து, கருகிப்போன ஒரு போர்டை என் மேசையில் வைத்தான். உள்ளங்கை அகலம்தான். ஒரு மூலையில் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றியிருந்த செம்பு காணாமல் போய், கறுப்பு வளையம் மட்டும் மிச்சம். இன்னொரு கையில் ஒரு வயர்லெஸ் ரேடியோ பெட்டி. அதுவும் செத்திருந்தது.

"ரெண்டும் ஒரே நாள்ல போகலைண்ணே. மொதல்ல போர்டு போச்சு. சரிபண்ணி மாட்டினேன், நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒருநாள் ராத்திரி ரேடியோ போச்சு."

எதைப் பார்த்துச் செய்தாய் என்று கேட்டேன். போனில் ஒரு படத்தைக் காட்டினான். யாரோ வரைந்து, யார் யாரோ அனுப்பி, மங்கிப்போன ஒரு சர்க்யூட் படம். மேலே தலைப்பு: மைனஸ் 48-லிருந்து 12 வோல்ட், 1 ஆம்பியர். வரைந்தவர் பெயர் இல்லை.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். சர்க்யூட்டுக்கு யாரும் எழுதுவதில்லை. ஓடினால் நல்ல சர்க்யூட், எரிந்தால் கெட்ட சர்க்யூட், அதோடு சரி. ஆனால் இந்தப் படம் அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. இதை வரைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தப்பியிருக்கிறது. அது எங்கே என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பி வேலை பார்ப்பது கேபிள் டிவியும் இணைய இணைப்பும் கொடுக்கிற ஒரு சின்ன அறையில். கண்ணாடி இழைக் கேபிளை வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் ஓ.எல்.டி. பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அது மைனஸ் 48 வோல்ட் டிசியில் ஓடுகிறது. அதற்காகப் பழைய டெலிகாம் ரெக்டிஃபயர் ஒன்றும், 24 செல் பேட்டரி வரிசையும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கேபிள் போகாத பக்கத்துக் கிராமத்துக்கு இணைப்புக் கொடுக்க ஒரு வயர்லெஸ் ரேடியோ. அதற்கு 12 வோல்ட் வேண்டும். இதுவரை அது சுவர் பிளக்கில்தான் ஓடியது. கரண்ட் போனால் ஓ.எல்.டி. ஓடும், ரேடியோ நின்றுவிடும்.

எங்க பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளே வந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி பகுதிகளில் தென்னையோடு சேர்ந்து கரண்ட் கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள் ஆனது. பேட்டரி தீர்ந்த இடமெல்லாம் போன் ஊமையாகிவிட்டது. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லக்கூட வழியில்லாமல், சிக்னல் தேடி பைக்கில் அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே "கரண்ட் போனாலும் ரேடியோ ஓடணும்" என்று தம்பி நினைத்தது சின்ன ஆசை இல்லை. அவன் செய்த போர்டு, கரண்ட் போனபோதுதான் ரேடியோவைக் கொன்றது.

மைனஸ் எங்கிருந்து வந்தது

ஏன் மைனஸ்? பேட்டரியில் இரண்டு முனைதான் இருக்கின்றன. எந்த முனையை மண்ணோடு கட்டுகிறோமோ அதற்கு நாம் சுழி என்று பெயர் வைக்கிறோம். காரில் நெகட்டிவ் முனையைப் பாடியோடு கட்டுகிறார்கள், அதனால் மற்ற முனை பிளஸ் 12. தொலைபேசி நிலையத்தில் பிளஸ் முனையை மண்ணோடு கட்டினார்கள், அதனால் மற்ற முனை மைனஸ் 48. மைனஸ் மின்சாரம் என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது.

பிளஸ்ஸை மண்ணோடு கட்டியதற்குக் காரணம் துரு. தொலைபேசிச் செம்புக் கம்பி மண்ணுக்கடியில் ஈரத்தில் கிடக்கிறது. கம்பி மண்ணைவிட பிளஸ்ஸாக இருந்தால் செம்பு அயனியாகக் கரைந்து மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். மைனஸாக இருந்தால் கம்பி பிழைக்கும். கப்பலின் அடியில் அடித்த செம்புத் தகட்டைக் காப்பாற்ற ஹம்ஃப்ரி டேவி 1824-இல் இரும்பையும் துத்தநாகத்தையும் வைத்துப் பார்த்ததும் இதே வேதியியல்தான்.

48 என்பது 2 வோல்ட் ஈய-அமில செல் 24. உடம்பில் பட்டால் பெரிய ஆபத்தில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளும் 60 வோல்ட் டிசி எல்லைக்குள் அது அடங்குகிறது. அதே சமயம் நீண்ட கம்பியில் தாக்குப்பிடிக்கவும் போதும். 1984-இல் தொடங்கிய சி-டாட், ஏசி இல்லாத கிராமத்து அறையிலும் ஓடுகிற மாதிரி 128 இணைப்பு எக்ஸ்சேஞ்சைச் செய்து, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் வைத்தது. கிராமத்துக்குத் தானியங்கித் தொலைபேசி பரவலாகப் போனது அந்த வரிசைப் பெட்டிகளால். செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. கண்ணாடி துருப்பிடிக்காது. ஆனாலும் ரெக்டிஃபயர், பேட்டரி, ரேக் எல்லாம் அதே வழக்கத்தில் தொடர்வதால் மைனஸ் 48 இன்னும் இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம்: "48" என்ற எண்ணை அந்த அறையில் மீட்டர் வைத்தால் பெரும்பாலும் பார்க்க முடியாது. கரண்ட் இருக்கும்போது ரெக்டிஃபயர் பேட்டரியை முழுசாக வைத்திருக்க, செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் 54 வோல்ட் கொடுக்கும். கரண்ட் போனால் 50, 48, 46 என்று இறங்கி, 43 பக்கம் வந்ததும் வெட்டிவிட வேண்டும். 48 என்பது நடுவில் கடந்துபோகிற ஓர் ஊர், அவ்வளவே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படத்தில் என்ன நன்றாக இருக்கிறது

கடையில் "48-லிருந்து 12" என்று மலிவாகக் கிடைக்கும் பக் மாட்யூலை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். அவை பெரும்பாலும் எலக்ட்ரிக் பைக்குக்காகச் செய்தவை. உள்ளே வரும் மைனஸும் வெளியே போகும் மைனஸும் ஒரே கம்பி. பைக்கில் அது சரி. இந்த அறையில் மாட்டினால் 12 வோல்ட்டின் மைனஸ் முனை மண்ணைவிட 48 வோல்ட் கீழே தொங்கும். ரேடியோவின் மைனஸ், ஷீல்டு உள்ள நெட்வொர்க் கேபிள் வழியாக ரேக்கைத் தொட்ட நிமிடம், பேட்டரியின் இரண்டு முனையும் சேர்ந்துவிடும். படத்தை வரைந்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால் அவர் பக் பக்கமே போகவில்லை.

அவர் செய்ததைக் கிணறு வைத்துச் சொல்கிறேன். இப்போ எங்க பக்கம் ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடி போகிறது. கணக்குக்கு வசதியாகப் பழைய கிணறு ஒன்றை நினைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 48 அடி கீழே தண்ணீர். தரைக்கு மேலே 12 அடியில் தொட்டி. தண்ணீர் மட்டத்தில் இருக்கிற மோட்டார் எத்தனை அடி தூக்க வேண்டும்? 60 அடி. தரையில் நிற்கிற நமக்குக் கிணறு மைனஸ் 48, தொட்டி பிளஸ் 12. மோட்டாருக்கு மைனஸே கிடையாது. அது இருக்கிற இடம் சுழி, தரை 48, தொட்டி 60.

அதேபோல, சாதாரண பூஸ்ட் கன்ட்ரோலர் சிப் ஒன்றை எடுத்து, அதன் கிரவுண்ட் காலை மைனஸ் 48 கம்பியில் வைத்துவிட்டார். சிப்பைப் பொறுத்தவரை மண் என்பது 48 வோல்ட் உயரத்தில் இருக்கிற ஒரு சப்ளை. காயிலின் ஒரு முனை மண்ணில். மறுமுனையை மாஸ்ஃபெட் மைனஸ் 48-க்கு இழுத்து இழுத்து விடுகிறது. விட்டதும் காயிலில் சேர்ந்த ஆற்றல் டையோடு வழியாக பிளஸ் 12-க்குப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. மாஸ்ஃபெட்டின் சோர்ஸும் சிப்பின் கிரவுண்டும் ஒரே இடம் என்பதால் கேட்டை ஓட்டத் தனி வித்தை எதுவும் வேண்டாம்.

கணக்கும் சரியாகவே வருகிறது. மாஸ்ஃபெட் திறந்திருக்க வேண்டிய பங்கு 12 ÷ (12 + 48) = 0.2. சப்ளை 57-க்கு ஏறினால் 0.174, 43-க்கு இறங்கினால் 0.218. ஆக 17 சதவீதத்துக்கும் 22 சதவீதத்துக்கும் நடுவில்தான் ஆட்டம், எந்த சிப்பும் தாங்கும். காயிலில் ஓடும் சராசரி மின்னோட்டம் 1 ஆம்பியர் இல்லை, 1 ÷ 0.8 = 1.25 ஆம்பியர். புதிதாகச் செய்பவர்கள் வழுக்குகிற இடம் இது. படத்தில் 220 மைக்ரோஹென்றி காயிலை 2 ஆம்பியர் தாங்குவதாகப் போட்டிருக்கிறார். 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் 0.4 ஆம்பியர் சுற்றி வரும், உச்சம் ஒன்றரைக்குள். போதும். மாஸ்ஃபெட்டின் மேல் விழும் வோல்டேஜ் 57 + 12 = 69, அதற்கு மேல் கொஞ்சம் துள்ளும்; 100 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டிருக்கிறார். நன்றாகப் படித்தவர் கை.

இவ்வளவு தெரிந்த கை எங்கே வழுக்கியது?

மூன்று தப்பு, ஒரு நோய்

படத்தில் கீழே நீளமாக ஒரு கோடு. அது மைனஸ் 48. அந்தக் கோட்டின் அடியில், பழக்கதோஷத்தில், ஒரு முக்கோணம்: கிரவுண்ட் குறி. சிப்பின் கிரவுண்ட் அங்கே இருப்பதால் அந்தக் குறி. சரி. ஆனால் வலது ஓரத்தில் 12 வோல்ட் வெளியே போகிற இடத்தில், மைனஸ் முனைக்குப் பக்கத்திலும் அதே முக்கோணம். இங்கே அதற்கு மண் என்று அர்த்தம். ஒரே குறி, இரண்டு இடம், நடுவில் 48 வோல்ட் வித்தியாசம்.

படத்தைப் பார்த்து போர்டு வரைந்த தம்பி, ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றியிருக்கும் செம்பை வழக்கம்போல முக்கோணத்தோடு சேர்த்தான். இரண்டில் எந்த முக்கோணம்? பெரிய கோடு இருக்கிற முக்கோணம். அதாவது மைனஸ் 48. ஸ்க்ரூவை ரேக்கில் முறுக்கியதும் மைனஸ் 48 நேராக மண்ணைத் தொட்டது. அதுதான் அந்தக் கறுப்பு வளையம்.

"அண்ணே, ஃப்யூஸ் போட்டிருந்தேன். ஃப்யூஸ் போகவே இல்லை, டிராக் போச்சு. அதுதான் புரியலை."

ஃப்யூஸ் எங்கே என்று பார்த்தேன். படத்தில் இருந்தபடி பிளஸ் கம்பியில் போட்டிருந்தான். வீட்டு வயரிங்கில் ஃபேஸில் ஃப்யூஸ், காரில் பிளஸ்ஸில் ஃப்யூஸ். கை தானாக அங்கேதான் போகும். ஆனால் இந்த அறையில் பிளஸ் என்பதே மண். ரேக்கின் ஒவ்வொரு இரும்பும் பிளஸ். ஷார்ட் ஆன மின்னோட்டம் ரேக்கிலிருந்து ஸ்க்ரூ வழியாக போர்டுக்குள் வந்து மைனஸ் கம்பியில் வெளியே போய்விட்டது. பிளஸ் கம்பியில் உட்கார்ந்திருந்த ஃப்யூஸுக்கு நடந்தது எதுவுமே தெரியாது. ரேக்கில் இருந்த பிரேக்கர் விழுவதற்குள் போர்டின் செம்பே ஃப்யூஸ் வேலையைப் பார்த்துவிட்டது. பெரிய பேட்டரி வரிசை ஷார்ட்டானால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும். அந்த நேரம் கையில் மோதிரம் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

சரி, ஓட்டைகளில் பிளாஸ்டிக் வாஷர் போட்டு, டிராக்கைக் கம்பியால் இணைத்து மறுபடி மாட்டினான். இப்போ மூன்றாவது தப்பு.

எந்தக் கன்வர்ட்டரும் தன் வெளியீட்டை அளந்து பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். படத்தில் அந்த அளவு, 12 வோல்ட் முனையிலிருந்து கீழே உள்ள பெரிய கோடு வரை இரண்டு ரெசிஸ்டர் போட்டு எடுக்கப்பட்டிருக்கிறது. பூஸ்ட் சிப்பின் எல்லாப் படங்களிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே கீழ்க்கோடு மைனஸ் 48. ஆகவே சிப் காப்பாற்றுவது 12-ஐ அல்ல, 60-ஐ. கிணற்று மோட்டார் தரையை அறியாது. தன் காலடியிலிருந்து 60 அடி உயர்த்துவதுதான் அதன் வேலை. தண்ணீர் 48 அடியில் இருந்தால் தொட்டிக்குச் சரியாகப் போகும். தண்ணீர் 54-க்கு இறங்கினால் தரைக்கு மேல் 6 அடிதான் எட்டும். 43-க்கு ஏறினால் 17 அடிக்குப் போய்த் தொட்டி பொங்கும்.

பெஞ்சில் சோதித்தபோது தம்பி சப்ளையை எத்தனைக்கு வைத்தான்? சரியாக 48-க்கு. "தங்கம் மாதிரி 12 காட்டுச்சுண்ணே." காட்டும். 48 என்ற அந்த ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது.

அறைக்குக் கொண்டுபோனான். அங்கே கரண்ட் இருந்தது, பேட்டரி 54. வெளியீடு 6 வோல்ட், ரேடியோ எரியவில்லை. போர்டில் ஒரு ப்ரீசெட் இருந்தது. திருப்பி 12-க்குக் கொண்டுவந்தான், ரேடியோ எரிந்தது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனான். இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவன் இடத்தில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ப்ரீசெட்டைத் திருப்பியதன் மூலம் 60-ஐ 66 ஆக்கிவிட்டான். ஒருநாள் ராத்திரி கரண்ட் போனது. பேட்டரி 48-க்கு இறங்கியபோது ரேடியோவுக்குப் போனது 66 − 48 = 18 வோல்ட். 46-க்கு இறங்கியபோது 20. பேட்டரி சாகச் சாக ரேடியோவுக்குப் போகும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. 12 வோல்ட் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? கரண்ட் போகும்போது காப்பாற்ற வைத்த காவல்காரன், கரண்ட் போனதும் வீட்டுக்காரனையே அடித்துவிட்டான்.

முக்கோணம், ஃப்யூஸ், அளவு எடுத்த இடம். மூன்றும் தனித்தனித் தப்பு மாதிரித் தெரியும். மூன்றுக்கும் நோய் ஒன்று. கீழே இருக்கிற கோடுதான் தரை என்ற நம்பிக்கை.

மருந்து

மருந்து ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர். ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரின் பேஸை மண்ணில் வையுங்கள். எமிட்டரிலிருந்து ஒரு ரெசிஸ்டர் பிளஸ் 12-க்கு. கலெக்டரிலிருந்து இன்னொரு ரெசிஸ்டர் மைனஸ் 48-க்கு. அந்தச் சந்தியைச் சிப்பின் அளவுக் காலில் கொடுங்கள். எமிட்டர் மண்ணைவிட சுமார் 0.6 வோல்ட் மேலே நிற்கும். மேல் ரெசிஸ்டரில் மீதி 11.4 வோல்ட். 11.4 கிலோ ஓம் என்றால் 1 மில்லி ஆம்பியர். கிட்டத்தட்ட அந்த மின்னோட்டம் அப்படியே கீழே இறங்கி 1.25 கிலோ ஓமில் 1.25 வோல்ட்டை உண்டாக்கும். சிப் எதிர்பார்ப்பது அதைத்தான். பேட்டரி 54-ஆ 43-ஆ என்பது இந்த மின்னோட்டத்தைத் தொடுவதில்லை, ஏனென்றால் அது பிறப்பது 12-க்கும் மண்ணுக்கும் இடையில். தொட்டியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அளவை மட்டும் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிற வேலை.

கடையில் ஒரு சதவீத ரெசிஸ்டரில் 11.5-உம் 1.24-உம் கிடைக்கும். அப்படிப் போட்டால் வெளியீடு 12.2 பக்கம் நிற்கும். பரவாயில்லை.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. பிஎன்பி என்றதும் மேசை டிராயரில் கைக்குக் கிடைப்பது பிசி557. அது தாங்குவது 45 வோல்ட். இங்கே அதன் மேல் விழுவது பேட்டரி வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுசும், அதாவது 53 சொச்சம். பிசி556 என்றால் 65 வோல்ட், ஓரளவு நிம்மதி. நான் போடச் சொன்னது 150 வோல்ட் தாங்கும் 2என்5401. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வெயில் ஏறினால் அந்த 0.6 குறையும், டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட். ராத்திரிக்கும் சித்திரை மதியத்துக்கும் போர்டில் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 80 மில்லிவோல்ட். 12 வோல்ட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. இதே சர்க்யூட்டில் 5 வோல்ட் எடுப்பதானால் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டும். அப்போ இன்னொரு டிரான்சிஸ்டரை டையோடாகப் போட்டு ஈடுகட்டலாம்.

ஃப்யூஸ் மைனஸ் கம்பிக்குப் போக வேண்டும். வெளியீட்டுக் கெபாசிட்டரையும் படத்தில் 12-க்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் போட்டிருந்தார். ஓடத்தான் செய்யும், ஆனால் பேட்டரிக் கம்பியில் வரும் இரைச்சலையெல்லாம் அது ரேடியோவுக்குக் கடத்தும். அதன் இடம் 12-க்கும் மண்ணுக்கும் நடுவில்.

குற்றம் யாருடையது

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. டெலிகாமுக்கென்றே 36-லிருந்து 75 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தனிமைப்படுத்திய கன்வர்ட்டர்கள் ரெடிமேடாகக் கிடைக்கின்றன. எந்த முனையை எதோடு கட்டினாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. அதை வாங்கிப் போட்டால் தீர்ந்ததே? உண்மைதான். ரேடியோ கம்பத்தின் உச்சியில் இருந்து, கம்பி வெளியே நீளமாகப் போனால் நானும் அதையே சொல்வேன். எங்க பக்கம் கோடை இடியும் சும்மா விடாது. தம்பியின் ரேடியோ பவர் எடுப்பது அதே ரேக்குக்குள். ஆன்டெனாக் கேபிள் மட்டும்தான் வெளியே போகிறது, அதற்கு அரெஸ்டர் தனியாக இருக்கிறது. அதனால் இந்த எளிய வழி அங்கே நியாயம். ஆனால் தனிமைப்படுத்திய பெட்டியை வாங்கினாலும் அதன் 12 வோல்ட் மைனஸை மண்ணோடு கட்டலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும். ஃப்யூஸை எந்தக் கம்பியில் போடுவது என்று ஒருவர் தெரிந்திருக்க வேண்டும். பெட்டி வாங்குவதால் கேள்வி போய்விடாது, கொஞ்சம் தள்ளிப்போகும்.

அந்தக் கேள்வியைக் கேட்க நாம் பழக்கவில்லை என்பதுதான் என் குறை. தமிழ்வழியில் படித்தபோது பள்ளிப் புத்தகத்தில் "மின்னழுத்த வேறுபாடு" என்று படித்தோம். நல்ல சொல். வேறுபாடு என்றாலே எதற்கும் எதற்கும் என்ற கேள்வி உள்ளே இருக்கிறது. கல்லூரிக்குப் போனதும் அது "வோல்டேஜ்" என்று சுருங்கியது. கூடவே அந்தக் கேள்வியும் காணாமல் போனது. பிறகு பார்த்த ஒவ்வொரு படத்திலும் மேலே பிளஸ், கீழே கிரவுண்ட். பக், பூஸ்ட், பக்-பூஸ்ட் என்று மூன்றையும் அதே மாதிரி வரைந்து, மூன்றாவதுக்கு மட்டும் "வெளியீடு தலைகீழாக வரும்" என்று ஒரு குறைபாடு மாதிரிச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறோம். தம்பி செய்தது அந்தப் பக்-பூஸ்ட்டேதான். மைனஸ் உள்ளே போனால் பிளஸ் வெளியே வருகிறது. பாடத்தில் குறையாகப் படித்தது இந்த அறையில் தேவையாக நிற்கிறது. 0.2 என்ற பங்கை அவனே எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான், பிசகில்லாமல். மீட்டரின் கறுப்புக் கம்பியை எங்கே வைப்பது என்று கேட்டபோது தயங்கினான்.

படத்தை வரைந்தவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர் பெஞ்சிலும் சப்ளை 48-லேயே நின்றிருக்கும். ஒன்றை மட்டும் சொல்வேன். சுழி எது என்று எழுதாமல் ஒரு சர்க்யூட் படத்தை ஊருக்கு அனுப்பக் கூடாது. அளவுகோலின் சுழி எங்கே என்று சொல்லாத வரைபடத்தை வைத்து யாரும் கிணறு வெட்ட மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் பேப்பர் கொடுத்து மறுபடி வரையச் சொன்னேன். நடுவில் ஒரு கோடு, அதற்கு "மண், ரேக், பேட்டரி பிளஸ்" என்று பெயர். கீழே மைனஸ் 48, பக்கத்தில் "43 முதல் 57 வரை". மேலே பிளஸ் 12. முக்கோணக் குறி படத்தில் ஒன்றே ஒன்று, நடுக்கோட்டில். கீழ்க்கோட்டுக்கு முக்கோணம் இல்லை, வெறும் பெயர். வரைந்து முடித்ததும், "ஸ்க்ரூ ஓட்டையை நடுக்கோட்டோட சேர்க்கணும், இல்லண்ணே?" என்று அவனே கேட்டான்.

புதுப் போர்டு செய்து பெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டோம். 43-இல் ஒருமுறை, 48-இல், 54-இல், 57-இல். நான்கிலும் 12.2 பக்கத்திலேயே நின்றது. ரேடியோ இரவல் வாங்கியது என்பதால், முதல் வாரம் அதற்குப் பதில் ஒரு 12 வோல்ட் பல்பைத்தான் மாட்டச் சொல்லியிருக்கிறேன். மெயின் ஸ்விட்சை அணைத்து, பேட்டரி 43-க்கு இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை அளந்து எழுதச் சொன்னேன். கறுப்புக் கம்பியை எங்கே வைத்து அளந்தான் என்பதையும் சேர்த்துத்தான்.